ஐயர் பேரில் இருந்த ஊற்று

அம்மாவைப் பெற்ற தாத்தா வீடு இடையன்குடியில். மே மாத விடுமுறைக்குப் போய் இறங்கியதுமே செம்மண் தேரி உள்ளங்காலைச் சுட்டுவிடும். ஒரு பனையின் நிழலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பனையின் நிழலுக்கு ஓடித்தான் கிணற்றடிக்குப் போவோம். தெருக்கிணறு உவர், குடிக்க ஆகிற கிணறு தள்ளி இருந்தது. தாத்தா விடியுமுன்பே எழுப்பிக் கூட்டிப்போவார். அந்த நேரத்துத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும்.

ஊரில் எதைத் தொட்டாலும் ஐயர் பேச்சு வரும். நேராக ஓடும் தெருக்கள் ஐயர் வகுத்தவை. 1880இல் கட்டி முடிந்த கோயில் ஐயர் எழுப்பியது. கிறிஸ்தவப் பாதிரியாரான கால்டுவெல் ஐயர்.

"கால்டுவெல்னா என்ன அர்த்தம் தாத்தா?"

"மெட்ராஸ்ல இருந்து நம்மூர் வரைக்கும் காலால நடந்தே வந்தவரு மக்கா. அதான் கால்டுவெல்."

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. 1838இல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கி, 1841இல் நீலகிரி வழியாகச் சுற்றி நடந்தே வந்தார் என்பது உண்மை. அத்தனை தூரம் நடந்தவர் பெயரில் கால் இல்லாமல் எப்படி?

எட்டாம் வகுப்பில் ஆங்கில ஆசிரியர் அதைக் கலைத்தார். "அது ஊர்ப் பேருடா" என்று கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதினார். பழைய ஆங்கிலத்தில் 'கால்ட்' என்றால் குளிர்ந்த. 'வெல்லா' என்றால் ஊற்று. இங்கிலாந்தில் டெர்பிஷயரிலும் வடக்கு யார்க்‌ஷயரிலும் அந்தப் பெயரில் சிற்றூர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் ரென்ஃப்ரூஷயர் பக்கமும் ஒரு கால்டுவெல் உண்டு. ஐயர் 1814இல் பிறந்தது அயர்லாந்தில் என்றாலும் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

ஊற்றின் பெயர் ஊருக்கு வந்ததை உடனே புரிந்துகொண்டேன். ஊரின் பெயர் ஆளுக்கு வந்த கதையைத்தான் ஆசிரியர் நிதானமாகச் சொன்னார். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிக்கும்வரை அங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். நிலம் வைத்திருந்த நார்மன் பிரபுக்கள் தங்கள் ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அது மற்றவர்களிடமும் பரவியது. ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி எழுதுகிறவர் என்ன செய்வார்? கால்டுவெல்லில் இருந்து வந்த ஜான் என்று எழுதினார். 'இருந்து வந்த' என்பது நாளடைவில் உதிர்ந்தது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் மகனுக்கும் பேரனுக்கும் அதே பெயர் நிலைத்தது. அந்த ஊற்றை ஒருநாளும் பார்த்திராத பேரனுக்கும். கால்டுவெல்லிலேயே இருந்துவிட்டவனை யாரும் கால்டுவெல் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்பியவனைத்தான் ஊர்ப்பெயர் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் விடுதியில் என்னை எல்லோரும் "ஏல இடையன்குடி" என்று கூப்பிட்டபோது, அது எத்தனை சரி என்று தெரிந்தது. தாத்தா வீட்டுக் கதைகளைச் சொல்லிச் சொல்லி நானே தேடிக்கொண்ட பெயர் அது.

அந்த ஆசிரியர் சொன்ன இன்னொன்றை நான் இன்னும் வியக்கிறேன். இங்கிலாந்தின் தென்பகுதியில் இதே பெயர் 'சாட்வெல்' ஆனது. 'கால்ட்' என்பதன் உயிரொலி அங்கே எகரம் போல நெகிழ்ந்ததால், ககரம் சகரமாக மாறியது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வேர் என்ற ஊருக்கு அருகே சாட்வெல் ஊற்று இருக்கிறது. 1613இல் அங்கிருந்து வாய்க்கால் வெட்டி லண்டனுக்குக் குடிநீர் கொண்டுபோனார்கள். கன்னடத்துக் 'கிவி' நமக்குச் 'செவி'. கேரளம் நமக்குச் சேரலம். ககரம் சகரமாகும் இந்த உறவை 1856இல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எடுத்து வைத்தவர் கால்டுவெல். அவர் பெயரின் வடக்கு வடிவமும் தெற்கு வடிவமும் அதே விதத்தில்தான் பிரிந்து நின்றன. கரும்பலகையில் கால்டுவெல், சாட்வெல், கிவி, செவி நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் பையை இறக்கி வைக்கும் முன்பே தாத்தாவிடம் சொன்னேன். தன் விளக்கம் போய்விட்டதே என்று அவர் முகம் வாடும் என்று பயந்திருந்தேன்.

"குளிர்ந்த ஊத்தா?"

"ஆமா தாத்தா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 1891இல் கொடைக்கானலில் இறந்த ஐயரை இங்கே கொண்டுவந்து கோயிலுக்குள் அடக்கம் செய்திருக்கிறார்கள். தாத்தா அந்தத் திசையைப் பார்த்தார்.

"தண்ணின்னாலே குளிர்ந்த நீருதானல. தண் நீர். அப்ப ஐயரு நம்ம தண்ணியில்லாக் காட்டுக்கு வரும்போதே பேருல ஊத்தோட வந்திருக்காரு."

உள்ளே போய், மண்பானையிலிருந்து செம்பில் மொண்டு வந்தார். எனக்குத் தருவார் என்று கையை நீட்டினேன். அவர் முதலில் தாம் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.