அம்மா விருந்தாளியான கதை

அறைக் கதவைத் திறந்ததும் நான் கடலைப் பார்த்தேன். அம்மா கட்டிலைப் பார்த்தார்.

திரங்கானு மாநிலத்தின் பெர்ஹெந்தியான் பெசார் தீவு. கடலைப் பார்த்தபடி பதினைந்து மரக்குடில்கள், அவற்றுக்குப் பின்னால் காடு. வாசற்படியிலிருந்து இருபது அடி நடந்தால் தண்ணீர். நான் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா மெத்தை விரிப்பின் முனையைத் தூக்கி, அடியில் கைவிட்டுப் பார்த்தார். பிறகு தலையணையைத் தட்டினார்.

"மூலை மடிப்பு நல்லா இருக்கு. தலையணை உறையோட வாய்தான் கதவுப் பக்கம் பாக்குது. அப்படிப் போடக் கூடாது."

"அம்மா, கடலைப் பாருங்கம்மா!"

"பாக்குறேன், பாக்குறேன். கடல் எங்க ஓடிடப் போகுது?"

அம்மா போர்ட்டிக்சனில் ஒரு கடற்கரை ஹோட்டலில் இருபத்தொரு ஆண்டு ரூம் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். 1996இல் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியது. பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு அம்மா ஹோட்டலுக்குப் போனார். நான் அப்போது முதலாம் ஆண்டு. ஒரு நாளைக்குப் பதினான்கு ரூம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும்தான் ஹோட்டல் நிரம்பும் என்பதால், எங்களுக்கு விடுமுறை என்றால் அம்மாவுக்கு வேலை. கடலுக்கு அப்பாதான் கூட்டிப் போவார். மணலில் விளையாடும்போது நிமிர்ந்து பார்த்தால் அந்த ஹோட்டலின் பால்கனிகள் தெரியும். இப்போது அம்மா எந்த மாடியில் இருப்பார் என்று தம்பியும் நானும் பந்தயம் கட்டுவோம்.

அம்மாவுக்கு இந்த ஆண்டு 63 வயது. இத்தனை ஆயிரம் கட்டில்களை விரித்த மனுஷி, இன்னொருவர் விரித்த கட்டிலில் இரண்டு இரவாவது படுத்து எழ வேண்டும் என்பது என் ஆசை. மூன்று மாதம் பணம் சேர்த்தேன். இரவு பத்து மணிக்குக் கோலாலம்பூரில் புறப்பட்டு, காராக் வழியாகக் கிழக்குக்கரை நெடுஞ்சாலை பிடித்து, விடியும்போது கோலா பெசுட் படகுத்துறை சேர்ந்தோம். நாசி டாகாங் சாப்பிட்டுவிட்டுப் படகு ஏறினோம். ஏறக்குறைய நாற்பது நிமிடப் பயணம். எங்கள் ரிசோர்ட்டுக்குப் படகுத்துறை கிடையாது. முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். அம்மா பஞ்சாபி சூட்டின் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பையைத் தானேதான் தூக்குவேன் என்று அடம்பிடித்தார்.

பெர்ஹெந்தியான் என்றால் மலாயில் நிறுத்தம். அந்தக் காலத்தில் வணிகப் படகுகள் நின்று இளைப்பாறிப் போன இடம் என்பதால் வந்த பெயர் என்பார்கள். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"பஸ் நிறுத்தத்துக்குப் போட்டிருப்பானே, அதே சொல்லா?"

"அதேதான். நாம இங்க சும்மா நிக்கத்தான் வந்திருக்கோம். ஒரு வேலையும் செய்யக் கூடாது, சரியா?"

தலையாட்டினார். மறுநாள் காலை ஆறரைக்கு நான் கண் விழித்தபோது, அவருடைய கட்டில் ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. குளியலறை துடைக்கப்பட்டிருந்தது. துவாலைகள் மூன்றாக மடிக்கப்பட்டிருந்தன. தலையணை உறையின் வாய் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

ஒன்பது மணிக்கு ரூம் சுத்தம் செய்யும் பெண் வந்தாள். பெசுட்டைச் சேர்ந்த மலாய்ப் பெண், இருபது வயதுக்குமேல் இருக்காது. அம்மா வாசலிலேயே அவளை நிறுத்தி, "தாக் அப்பா, எல்லாம் சுத்தமா இருக்கு" என்று மலாயில் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் ஊஞ்சலில் படுத்துப் புத்தகத்தை விரித்தவள் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அம்மாவைக் காணவில்லை. கடற்கரையில் இல்லை. உணவுக்கூடத்தில் இல்லை. கடைசியில் சமையலறைக்குப் பின்னால், துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே கண்டுபிடித்தேன். ஒரு வெள்ளை விரிப்பின் இரண்டு முனை அம்மா கையில், இரண்டு முனை அந்தப் பெண் கையில். உதறினார்கள், நெருங்கினார்கள், மடித்தார்கள், விலகினார்கள். கூத்து ஒத்திகை மாதிரி அவ்வளவு பொருத்தம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதுக்காம்மா நான் காசு கட்டிக் கூட்டிட்டு வந்தேன்? இங்கேயும் வந்து துணி மடிக்கிறதுக்கா?"

அம்மா விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"சத்தம் போடாத பாப்பா. அந்தப் பிள்ள முன்னாடி இந்த வேலையைக் கேவலமாப் பேசாத. தமிழ் தெரியாட்டியும் முகம் தெரியும்ல?"

காலை நிகழ்ச்சியில் ஊருக்கெல்லாம் இனிக்க இனிக்க வணக்கம் சொல்லும் குரல் என்னுடையது. அது எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்கும் புரிந்திருக்கும்.

அன்றிரவு உணவுக்கூடத்தில் பில் வந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். கடைசி வரிகளில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் என்றிருந்தது.

"இதுதான் பாப்பா நம்ம வீட்டு அரிசி, பருப்பு" என்றார்.

ஹோட்டலில் அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான். விருந்தாளிகளிடம் வசூலிக்கும் அந்தப் பத்து விழுக்காட்டைத் திரட்டி, ஆளுக்கு இத்தனை பாயிண்ட் என்று பிரிப்பார்கள். ஹோட்டல் நிரம்பினால் பாயிண்டுக்கு மதிப்பு ஏறும், காலியாக இருந்தால் இறங்கும். 2003இல் சார்ஸ் நோய் பரவிச் சுற்றுப்பயணிகள் குறைந்தபோது எங்கள் வீட்டிலும் அது தெரிந்தது. தம்பியின் பள்ளிச் சப்பாத்துக்குப் பசை போட்டு ஒட்டிய ஆண்டு அது. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. இந்தச் சேவைக் கட்டணத்தை அதற்குள் சேர்த்துக் கணக்குக் காட்டலாமா என்ற வழக்கு பல ஆண்டு நடந்தது. சேர்க்கக் கூடாது, அது தொழிலாளர்களுக்கு உரிய பணம் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அம்மா வேலையை விட்டு நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை அந்தச் செய்தியை வானொலியில் இரண்டு வரியில் சொன்னவள் நான். சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். அம்மாவின் நினைவே எனக்கு வரவில்லை.

குடிலுக்குத் திரும்பி வாசற்படியில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் அம்மாவிடம் நிறையப் பேசியிருக்கிறாள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையில் ரிசோர்ட்டை மூடிவிடுவார்கள், சம்பளம் இல்லை, வீட்டில் அவளுடைய அம்மாவுடன் சேர்ந்து கெரோப்போக் லேக்கோர் செய்து விற்பாள். தீவில் பச்சை ஆமைகள் ராத்திரியில் கரையேறுவதைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். துடுப்பாலேயே குழி தோண்டி, நூறு முட்டை வரை இட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு, தன்னந்தனியாகக் கடலுக்குத் திரும்பும்.

"பாவம், உக்கார நேரமில்லை அதுக்கும்" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"நீ மூணாவது படிக்கிறப்ப ஒருநாள், ராத்திரி முழுக்க உனக்கு இழுப்பு. நான் தூங்கவே இல்ல. காலையில வேலைக்குப் போயிட்டேன். பதினோராவது ரூம்ல தலை சுத்திடுச்சு. கட்டில் ஓரத்துல உக்காந்தேன். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. சூப்பர்வைசர் வந்து கதவைத் தட்டிட்டாரு. விருந்தாளி கட்டில்ல உக்காந்தேன்னு எச்சரிக்கைக் கடிதம். மூணு கடிதம் வந்தா வேலை போச்சு. அதுக்கப்புறம் ஒருநாளும் உக்காரல."

நான் பேசவில்லை.

"நேத்து இந்தக் கட்டில்ல படுத்தேனா... கண்ணை மூடினா கதவு தட்டுற மாதிரியே இருந்துச்சு. அதான் விடிஞ்சதும் எழுந்து விரிச்சு வெச்சேன். உனக்குக் கோபம் வரும்னு தெரியும்."

வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே பதறிவிடுவோம். ஏதாவது பேசி நிரப்பியாக வேண்டும். அன்று என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் பாதங்களை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். குதிகால் வெடிப்பில் மணல் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது, வேலைப் பழக்கம். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று. எழவில்லை. ஒன்பது மணிக்குக் கதவு மெல்லத் தட்டும் சத்தம். எனக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. லேசான குறட்டை.

கதவை விரல் அளவு திறந்து, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "மாக்சிக் தூங்கட்டும்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

பத்தரைக்கு எழுந்த அம்மா கட்டிலை விரிக்கவில்லை. "கிளம்புற அன்னிக்கு விரிக்கக் கூடாது. அவ எப்படியும் உருவத்தான் போறா. விரிச்சு வெச்சா ரெட்டை வேலை" என்றார். ஈரத் துவாலைகளை ஒரே குவியலாகக் குளியலறையில் போடச் சொன்னார். செருப்பு மணலை வெளியே தட்டச் சொன்னார். குப்பைப் பையின் வாயைக் கட்டச் சொன்னார். தலையணைமேல் இருபது வெள்ளியை வைத்து, பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தார். ஹோட்டல்களில் எத்தனையோ முறை தங்கியிருக்கிறேன். இதில் ஒன்றையும் நான் செய்ததில்லை.

படகு வர இன்னும் அரைமணி இருந்தது. அம்மா பஞ்சாபி சூட்டோடு போய், இடுப்பளவு நனையும்படி கரையோரத் தண்ணீரில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அலை வந்து எங்களைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போனது.

"பாப்பா."

"சொல்லுங்கம்மா."

"பத்து மணிக்கே பசியாறல் முடிஞ்சிருக்கும்ல? எழுப்பக் கூடாதா நீ? காசு கட்டினது வீணாப்போச்சு."