தெனெரே

புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் என்ன வாங்கலாம், எந்த ஒழுங்கில் வாங்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் பாடம். முதலில் ஏஜென்சிக் கடன். பிறகு தங்கச்சியின் சீதனம். அதன்பிறகு ஊரில் வீட்டுக்கு ஓடு, கிணற்றுக்கு மோட்டர். விசா கிடைத்திருந்தால் ஒரு கார். கடைசியாகப் பாரிஸ் புறநகர் ஒன்றில் இருபத்தைந்து வருடக் கடனில் இரண்டறை வீடு. இந்தப் பட்டியலில் மோட்டார் சைக்கிள் இல்லை. அதிலும், ஏறியிருந்தால் கால் நிலத்தில் சரியாக முட்டாத, பாலைவனத்தில் ஓடுவதற்கென்று செய்த மோட்டார் சைக்கிள் இல்லவேயில்லை.

2024 ஒக்டோபரில் நான் அப்படியொன்றை வாங்கினேன். பழையது. என் முறைக்கு வந்த சீட்டுக் காசில் வாங்கினேன். "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டவர்களுக்கு அப்போது சிரித்துவிட்டு விட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதற்காரணம் வேலை. பாரிசின் நடுவில் ஒரு றெஸ்ரோறன்டில் குசினியில் நிற்கிறேன். கோப்பை கழுவித் தொடங்கி, சலாட் வெட்டி, இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறேன். பதினைந்து வருடம். அடுப்பை அணைத்து, நிலம் கழுவி, குப்பையை வெளியே வைக்க இரவு ஒரு மணியாகிவிடும். கடைசி றெயில் போயிருக்கும். பிறகு இரவு பஸ்தான். இரண்டு பஸ் மாறி, இருபது கிலோமீற்றர் போய்ச்சேர ஒன்றேமுக்கால் மணித்தியாலம். அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் எங்களைப் போன்றவர்கள். கந்தோர்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவர்கள், காவலாளிகள், குசினிக்காரர்கள். உடுப்பில் பொரித்த எண்ணெய் மணக்க, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரை கொள்வோம். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது.

"அதுக்கு ஒரு ஸ்கூட்டர் காணுமே தம்பி" என்றார் எங்கள் குசினியில் மூத்தவரான அண்ணை. காணும்தான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் ஊருக்குப் போகவேண்டும்.

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் மாமாவின் எம்.டி. 90. ஹொண்டாக் கம்பனியின் அந்தச் சிறிய சைக்கிள், சிவப்பு நிறம், யாழ்ப்பாணத்தில் ஓடாத ஒழுங்கை இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் பண்ண முடியாது. ஒரு சின்னப் போத்தலில் உயிர்போல் காத்த பெற்றோலைக் காபரேட்டருக்குள் சில துளி விட்டு உதைப்பார்கள். பிடித்ததும் மண்ணெண்ணெய் இறங்கும். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அந்த எம்.டி. 90 இல் அம்மம்மாவை இருத்தி, முன்னுக்கு அரிசி மூட்டையை வைத்து, மாமா நாவற்குழிப் பாலம்வரை உருட்டிக்கொண்டே நடந்தார். ஓட்டுவதற்கு வீதியில் இடமிருக்கவில்லை.

இன்னொரு மோட்டார் சைக்கிளும் உண்டு. 2007 இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கச் சேர்ந்தேன். ஏ9 பாதை மூடியிருந்த காலம். "மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாத ஆயுததாரிகள்" என்ற வரி இல்லாத பத்திரிகை அந்த நாட்களில் இல்லை. ஊரடங்கு நேரத்தில் ஒழுங்கையில் ஒரு சத்தம் கேட்டால் அம்மா விளக்கை ஊதி நூர்த்துவிடுவா. சத்தம் எங்கள் படலையைத் தாண்டிப் போகும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிடுவதில்லை. தாண்டிப் போனபிறகு, அது எந்தப் படலையில் நிற்கப்போகிறதோ என்ற நினைப்பு வரும். 2008 கடைசியில், இரண்டாம் வருடத்தோடு நான் வெளிக்கிட்டேன்.

ஆகவே மோட்டார் சைக்கிள் எனக்கு வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல. அது எங்களைத் தூக்கிக்கொண்டு போனது, எங்களைத் தேடியும் வந்தது. ஒருநாளாவது அதில் எங்கேயும் ஓடித்தப்பாமல், எவருக்கும் பயப்படாமல் போகவேண்டும் என்ற ஆசை உள்ளே கிடந்தது.

இந்த நாட்டில் எடுத்த எடுப்பில் பெரியது ஓடமுடியாது. முதல் இரண்டு வருடத்துக்கு 'ஆ-து' என்ற பெர்மி. 35 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வலு கூடாது. எழுத்துப் பரீட்சை மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாக உண்டு. பிறகு மைதானத்தில் சோதனை: மெதுவாக ஓட்டுவது, வளைப்பது, சடாரென்று நிறுத்துவது. கடைசியாகத் தெருவில் ஓட்டம். திங்கட்கிழமை எனக்கு லீவு. ஆறு மாதத் திங்கட்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன்.

நான் தேடியது யமஹாவின் எக்ஸ்.ரி. 660 இசட். 2008 இல் வந்த மாதிரி. ஒற்றைச் சிலிண்டர், பெற்றோல் ராங்க் 23 லீற்றர், வலு அந்த 35 கிலோவாற்றுக்குள் அடங்கும். புதிதல்ல என்பதால் என் கைக்கு எட்டும் விலை. எட்டாதது ஆசனம் மட்டும்தான்: நிலத்திலிருந்து 89 சென்ரிமீற்றருக்கு மேல். என் உயரம் ஐந்தடி நாலங்குலம்.

விற்றவர் சார்த்ர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். லா கூர்னவ்வில் கராஜ் வேலை செய்யும் ஒரு அண்ணையைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அவர் பார்த்ததை எழுதுகிறேன். முதலில் என்ஜினில் கைவைத்துப் பார்த்தார். "குளிரா இருக்கு, நல்லது" என்றார். ஆள் வரமுதலே சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் ஸ்ரார்ட் ஆகாததை மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். பிறகு முன் போர்க் குழாயில் விரலை ஓட்டி எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். முன் சில்லைத் தூக்கவைத்து ஹாண்டிலை மெதுவாகத் திருப்பினார். நடுவில் எங்காவது தட்டுப்பட்டு நின்றால் கழுத்துப் பெயரிங் போய்விட்டது. செயினைப் பின் பற்சில்லில் பிடித்து வெளியே இழுத்தார். பல் பாதி தெரிந்தால் செயின் முடிந்தது. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, மற்ற இரண்டும் வருடம். "பூ இருக்கு, ஆனா ரப்பர் ஆறு வருசம். மாத்தவேணும். இதைச் சொல்லி விலை குறைக்கலாம்" என்று எனக்குத் தமிழில் சொன்னார். விழுந்த காயம் இருக்கிறதா என்று பிறேக் பிடியின் நுனி, கால்மிதி, பாதுகாப்புக் கம்பி எல்லாவற்றின் அடியிலும் பார்த்தார். கடைசியில் சட்டகத்தில் அடித்திருந்த இலக்கத்தைக் கார்ட் கிறிஸில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். 2024 ஏப்ரல் 15 இலிருந்து இங்கே மோட்டார் சைக்கிளுக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயம். அந்தத் தாளும், கடன் பறிமுதல் ஒன்றும் இல்லையென்ற தாளும் ஆசிரியர் எடுத்துவைத்திருந்தார்.

கார்ட் கிறிஸில் முதற்பதிவுத் திகதி 2009 ஏப்ரல். நான் அந்த வரியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டேன். இவர் இதைப் புதிதாக வாங்கி வீட்டுக்கு ஓட்டிவந்த அந்தக் கிழமைகளில் நாங்கள் எதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆசிரியருக்கும் விளக்கவில்லை. அவர் அதில் மூன்றுதரம் மொறோக்கோ போய்வந்தவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏறமுடியவில்லை. 3800 யூரோ கேட்டார், 3400 க்கு இறங்கினார். பத்திரத்தைக் குறுக்கே கோடிட்டு, விற்ற திகதியும் மணியும் எழுதிக் கையெழுத்திட்டார். அவருடைய கை கொஞ்சம் நடுங்கியது.

"இதன் பெயர் தெரியுமா? தெனெரே. பாலைவனம்" என்றார். தெரியும் என்றேன். ஒரு புவியியல் மாணவனுக்கு அதுவும் தெரியாவிட்டால் எப்படி? தெனெரே நைஜர் நாட்டில், சகாராவின் நடுத்துண்டு. துவாரெக் மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கே பாலைவனம் என்றுதான் பொருள். நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வேறு மரமே இல்லாத இடத்தில் அங்கே ஒற்றை மரம் ஒன்று நின்றது. 1973 இல் ஒரு லொறி அதை இடித்து வீழ்த்தியது. அவ்வளவு வெளியில் இடிப்பதற்கு அது ஒன்றுதான் அகப்பட்டது. இப்போது அந்த இடத்தில் உலோகத்தால் ஒரு மரம் செய்து நட்டிருக்கிறார்கள்.

யமஹா இந்தப் பெயரைப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. தியெரி சபின் என்ற பிரெஞ்சுக்காரர் 1977 இல் ஓட்டப்போட்டி ஒன்றில் சகாராவில் வழிதவறி, உயிர்தப்பி வந்தவர். வந்தவர் இன்னும் பலரை அங்கே கூட்டிப்போக ஆசைப்பட்டார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸ் துறொக்கதேரோவிலிருந்து முதலாவது பாரிஸ் - டக்கார் ஓட்டம் புறப்பட்டது. மோட்டார் சைக்கிளில் வென்ற சிறில் நெவ் ஓடியது யமஹா எக்ஸ்.ரி. 500. 1983 இல் அதே வழியில் பெரிய ராங்கோடு தெனெரே என்ற பெயரில் சைக்கிள் விற்பனைக்கு வந்தது.

பாரிசிலிருந்து டக்காருக்கு. நான் டக்காரிலிருந்து பாரிசுக்கு வந்தவன். 2009 தையிலிருந்து ஐந்து மாதம் அந்த நகரத்தில் ஓர் அறைக்குள் பதினொரு பேர் இருந்தோம். பகலில் வெளியே போகக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. வீட்டுக்காரரின் மகன் பாண் கொண்டுவருவான். சுவரில் அவன் ஒட்டிய மோட்டார் சைக்கிள் படம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தையிலும் ஓட்டக்காரர்கள் வந்து றோஸ் ஏரிக்கரையில் முடிப்பார்களாம். 2008 இல் மொரித்தானியாவில் பாதுகாப்பில்லை என்று நிறுத்திவிட்டார்கள், 2009 இல் தென்னமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர் மட்டும் டக்கார் என்றே இருக்கிறது என்று அவன் கைகளால் விளங்கப்படுத்தினான். மே மாதச் செய்தி எனக்கு அந்த அறையில்தான் வந்தது. அங்கிருந்து பாரிசுக்கு எப்படி வந்தேன் என்பதை எழுதவில்லை. வாசகர்களில் பாதிப்பேருக்கு அது தெரியும்.

சைக்கிளை முதன்முதல் வேலைக்குக் கொண்டுபோன இரவு, எங்கள் குசினியில் கோப்பை கழுவும் மாலி நாட்டு நண்பர் குப்பை வைக்க வெளியே வந்தவர், பக்கத்தகட்டில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அங்கே போனாயா?"

"இல்லை. இது பெயர் மட்டும்."

"நான் போயிருக்கிறேன்" என்றார்.

எட்டு வருடம் ஒன்றாக வேலை செய்கிறோம். அன்றுதான் சொன்னார். அகடேஸிலிருந்து லிபியாவுக்கு ஒரு ரொயோட்டா பிக்கப்பில், தண்ணீர்க் கான்களுக்கு மேல். விளிம்பில் இருப்பவர்கள் விழாமலிருக்க மூட்டைகளுக்கிடையில் தடிகளைச் செருகிவிடுவார்கள், அதைக் காலிடுக்கில் பிடித்துக்கொள்ளவேண்டும். விழுந்தவனுக்காக வாகனம் நிற்பதில்லை. தடியை எப்படிப் பிடித்தார் என்று கையால் காட்டினார். அந்தக் கைகள் சவர்க்கார நீரில் வெளிறியிருந்தன. "உன் சைக்கிளுக்கு நல்ல பெயர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. கேலி என்றாலும் அது அவருக்கு உரித்தான கேலி.

அம்மாவுக்கு ஒரு கிழமை கழித்துச் சொன்னேன்.

"மோட்டச் சைக்கிளோ?" என்றவ கொஞ்சநேரம் பேசவில்லை. "சத்தம் பெரிசோ?"

"ஒத்தைச் சிலிண்டர் அம்மா. கொஞ்சம் கேக்கும்."

"கால் நிலத்திலை முட்டுதோ?"

"ஒரு கால் முட்டும்."

உண்மையும் அதுதான். நிற்கவேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். ஆசனத்தில் இடப்பக்கம் சறுக்கி, இடக்காலை ஊன்றி, வலக்காலால் பிறேக்கை மிதித்திருக்க வேண்டும். நிலம் சரிந்திருக்கும் பக்கம் காலை விட்டால் இருநூறு கிலோவும் மேலே வரும். ராங்கை முழுக்க நிரப்பினால் பாரம் உயரத்தில் ஏறிவிடும், நகரத்துக்குள் பாதியே போதும். உயரத்தைக் குறைக்கப் பின் இணைப்பை மாற்றலாம் என்றார் கராஜ் அண்ணை. வேண்டாம் என்றேன். பழகிவிட்டது.

"ஊருக்கு ஓடிக்கொண்டு வரப்போறியோ?" என்று குசினி அண்ணை பகிடி விடுவார். வெள்ளைக்காரர்கள் போகிறார்கள்: துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா. சைக்கிளுக்கென்று ஒரு சுங்கப் புத்தகம் எடுத்து, பணயத்தொகை கட்டி, ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை குத்திப் போகலாம். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பலும் விட்டார்கள். படத்தில் விரலை வைத்து ஓட்டிப்பார்த்திருக்கிறேன். என் பயணப் பத்திரத்தில் எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று எழுதி, ஒரு நாட்டை மட்டும் விலக்கியிருக்கிறார்கள். சைக்கிளுக்கு அப்படி விலக்கு ஒன்றும் இல்லை.

இப்போது வேலை முடிந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் வீடு. முதலில் மாலி நண்பரை மொந்திறோயில் அவருடைய விடுதி வாசலில் இறக்கிவிடுவேன். அது கொஞ்சம் சுற்று. பின்னுக்கு அவர் என் தோளைப் பிடிப்பதில்லை, ஆசனத்துக்குக் கீழுள்ள கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பார். அவரை இறக்கி, வீடு வந்து குளித்து, தேத்தண்ணி வைத்தபிறகும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது. பதினைந்து வருடத்தில் எனக்கென்று மிஞ்சிய முதலாவது மணித்தியாலம். பாதியில் விட்ட பாடப்புத்தகங்களை லா சப்பலில் தேடி என்ன பயன், கிடைத்ததை வாசிக்கிறேன். இந்தக் கட்டுரையும் அந்த நேரத்தில் எழுதியதுதான்.