சிலிண்டர் சுவரில் விழும் கோடு: ஒரு சோதனை வாரத்தின் நாட்குறிப்பு

திங்கள்

போர்ஷே 911 கரேரா எஸ் காரில் 2004 முதல் 2008 வரை வந்த எம்97 எஞ்சின், சிலிண்டர் சுவர்க் கீறலுக்குப் பேர்போனது. 3.8 லிட்டர் கொள்ளளவு. ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 99 மி.மீ. இதைச் சோதிக்கும் வேலை காதிலிருந்து தொடங்குகிறது. இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் கிளப்பியதும் பிஸ்டன் லேசாகத் தட்டுவது இயல்புதான். சூடேறி பிஸ்டன் விரிந்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிட வேண்டும். நன்றாகச் சூடான பிறகும் ஒரு பக்கத்தில் மட்டும் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தால் சந்தேகப்பட இடமுண்டு.

அதற்காக உடனே தீர்ப்பு எழுதக் கூடாது. வால்வு லிஃப்டரும் இன்ஜெக்டரும் இதே போலச் சத்தமிடும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரையோ மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பையோ வைத்து, சத்தம் மேலே ஹெட்டிலிருந்து வருகிறதா, பிளாக்கிலிருந்து வருகிறதா என்று பிரிக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றியதும் பிளாக்கில் கேட்கும் சத்தம் மாறினால், அந்த பிஸ்டன் மேல் சந்தேகம் வலுக்கிறது. லிஃப்டர் சத்தம் இதனால் பெரிதாக மாறாது.

செவ்வாய்

புகைக்குழாய்கள் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகக் கரி பிடித்திருக்கிறதா, ஆயில் மட்டம் சீக்கிரம் இறங்குகிறதா, எந்த சிலிண்டரின் பிளக் எண்ணெய்ப் பிசுக்குடன் வெளிவருகிறது என்பவை அடுத்த தடயங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை விரித்து, வெயிலில் பார்ப்பது செலவில்லாத சோதனை. மின்னும் துகள்களில் காந்தம் இழுப்பது இரும்பு. இழுக்காமல் கிடப்பது பெரும்பாலும் அலுமினியம். இந்த எஞ்சினில் பிஸ்டன், சிலிண்டர் இரண்டுமே அலுமினியக் கலவை என்பதால், துகள் எதிலிருந்து உதிர்ந்தது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

புதன்

அதிகம் பேரை ஏமாற்றுவது கம்ப்ரஷன் சோதனை. ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக வந்ததும், எஞ்சின் நலம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அழுத்தத்தை அடைத்து வைப்பவை பிஸ்டனின் தலைப்பக்கத்தில் இருக்கும் ரிங்குகள். கீறல் தொடங்குவதோ அதற்குக் கீழே, பிஸ்டனின் ஸ்கர்ட் சுவரோடு உரசும் பகுதியில். சுவர் முழுக்கக் கோடு விழாதவரை ரிங்குகள் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். போதாததற்கு, மேலேறி வரும் ஆயிலே இடைவெளியை அடைத்து அளவை நல்லதாகக் காட்டிவிடும். காற்றை ஏற்றிக் கசிவைச் சதவீதத்தில் அளக்கும் சோதனைக்கும் இதே குறை உண்டு. அழுத்தம் குறைந்திருந்தால் ஏதோ கோளாறு என்பது உறுதி. சரியாக இருந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. பழைய கார் வாங்குபவர் இந்த அளவுகளை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து.

வியாழன்

கண்ணால் பார்க்காமல் முடிவு கிடையாது. பிளக் துளை வழியாக மெல்லிய கேமராவை இறக்கும்போது பிஸ்டனைக் கீழ் எல்லையில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் சுவர் தெரியும். நேராகப் பார்க்கும் கேமரா போதாது. முனை வளைவதாகவோ பக்கவாட்டில் பார்ப்பதாகவோ இருக்க வேண்டும். அப்படியும் சுவரின் அடிப்பகுதி சரியாகத் தெரியாது. ஆகவே ஆயில் சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனை மேல் எல்லைக்கு ஏற்றி, கிராங்க் பக்கத்திலிருந்தும் பார்ப்பதே முழுமையான சோதனை.

எங்கே பார்ப்பது என்பதும் முக்கியம். வலப்புற வரிசையில் உள்ள 4, 5, 6 ஆகியவற்றில்தான் கேடு அதிகம். அதிலும் 6-வது சிலிண்டர் அடிக்கடி மாட்டுகிறது. கிராங்க் சுழலும் திசையால், எரிப்பு நேரத்தில் பிஸ்டன் வலப்புறத்தில் மேல் சுவரையும் இடப்புறத்தில் கீழ்ச் சுவரையும் அழுத்துகிறது. கீழ்ச் சுவரில் ஆயில் தேங்கும். மேல் சுவரிலிருந்து வடிந்துவிடும். குளிரில் கிளப்பியவுடன் வண்டியை விரட்டுவதும், ஒழுகும் இன்ஜெக்டரின் பெட்ரோல் ஆயில் படலத்தைக் கழுவிவிடுவதும் அந்த மேல் சுவரைத்தான் முதலில் தாக்குகின்றன. ஸ்கர்ட்டின் இரும்புப் பூச்சு தேய்ந்ததும் அலுமினியம் அலுமினியத்தோடு உரசிப் பிடித்து இழுக்கிறது.

வார்ப்பிரும்பு பிளாக் பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் இருப்பது ஆரோக்கியம். இந்த எஞ்சினில் இருப்பது லோகாசில் என்னும் சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவர்; அதில் அத்தகைய கோடுகளைத் தேடவே கூடாது. சிலிக்கான் மணிகள் வெளியே தெரியும் மங்கிய சாம்பல் பரப்பே இதன் நல்ல நிலை. மெல்லிய நெடுக்குத் தடம் ஒன்றிரண்டு தெரிந்தால் அது கீறல் ஆகிவிடாது. அகன்ற கறுப்புப் பட்டையாகவும், வெளிச்சத்தைச் சாய்த்தால் நிழல் விழும் ஆழத்துடனும் இருப்பதே கீறல்.

சனி

கேமரா உறுதி செய்தபின் எஞ்சினை இறக்கிப் பிரிப்பதே வழி. பிரித்ததும் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்கலாம். நகம் மாட்டினால் அந்தச் சுவர் போய்விட்டது. மாட்டாவிட்டாலும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, வட்டம் முட்டையாகியிருக்கிறதா, கீழே அகன்றிருக்கிறதா என்று எழுதிவைக்க வேண்டும். கீறல் இல்லாத சிலிண்டர்களையும் அளக்க வேண்டும். புது ரிங் போட்டு லேசாகத் தேய்த்துப் பூட்டும் மலிவு வைத்தியம் இங்கே பலிக்காது. சிலிக்கான் பரப்பு ஒருமுறை கெட்டால், துளையைக் குடைந்து நிக்கசில் பூசிய அலுமினிய லைனரோ வார்ப்பிரும்பு லைனரோ இறக்கி, அதற்கேற்ற பூச்சுள்ள பிஸ்டன்களைப் போட வேண்டும். இன்ஜெக்டர்களையும் சோதித்த பிறகே எஞ்சினைத் திரும்பப் பூட்டலாம்.