இண்டியானாபொலிஸில் மோரும் கண்ணீரும்

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்துக்குப் போனால் எல்லாரும் முதலில் காட்டுவது மோட்டார் பந்தயத் திடலைத்தான். வாருங்கள், நாமும் பார்த்துவிட்டு வருவோம்.

சுற்றளவு இரண்டரை மைல். மூலை மழுங்கிய நீள்சதுரம். 1909-ல் இங்கே 32 லட்சம் செங்கற்களைப் பதித்தார்களாம். வீடு கட்டியவர்களுக்குத்தான் அந்தக் கணக்கின் பாரம் புரியும்! பிற்பாடு தார் போட்டு மூடிவிட்டார்கள். ஆரம்பக் கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலத்துக்குச் செங்கல் தெரிகிறது.

ஜெயித்தவர் இங்கே பால் குடிப்பது சம்பிரதாயம். ஆனால் அதற்கு மூலம் எது தெரியுமா? மோர்! 1936-ல் மூன்றாம் தடவையாக வென்ற லூயி மேயர், களைப்புத் தீர மோர்தான் குடித்தார்.

மோரோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் 1955-ம் வருஷம் ஒன்று வந்ததே.

1953, 1954 இரண்டு வருஷமும் ஜெயித்தவர் பில் வுகோவிச். தொடர்ந்து மூன்று தடவை வென்றவர் அதுவரை எவருமில்லை. மே 30-ந் தேதி, 200 சுற்றுப் பந்தயத்தில் 57-வது சுற்று. அவர்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எதிரே சில கார்கள் ஒன்றோடொன்று மோதிக் குறுக்கே நின்றன. வுகோவிச்சின் கார் வேலியைத் தாண்டிப் போய்க் கவிழ்ந்து தீப்பற்றியது. அவர் பிழைக்கவில்லை.

அந்த மாதமே பயிற்சியின்போது மானுவல் அயூலோ போயிருந்தார். இண்டியானாபொலிஸில் அவ்வருஷம் முதலிடத்தில் நின்று புறப்பட்ட ஜெர்ரி ஹாய்ட், ஜூலையில் வேறோர் ஊரில் மாண்டார். நவம்பரில், பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் ஜாக் மெக்ராத். ஜூனில் பிரான்ஸ் தேசத்து லெ மான்ஸில் ஒரு பந்தயக் கார் கூட்டத்தில் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். "போதும்!" என்று அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் பந்தயத்தையே கைகழுவிவிட்டது. வேறொரு சங்கம் அதை எடுத்துக்கொண்டது. பந்தயம் நின்றுவிடவில்லை. 1955-ன் சாம்பியன் பாப் ஸ்வைகர்ட் கூட மறு வருஷம் ஜூனில் ஒரு பந்தயத்திலேயே உயிரிழந்தார்.

வீரர்களின் மனைவிமார் எங்கே இருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? பார்வையாளர் மேடையில்தான். கார்களைப் பழுதுபார்க்கும் இடத்துக்குள் 1971 வரை பெண்களுக்கு அனுமதியில்லை! 1977-ல் ஜேனட் கத்ரீ என்ற பெண்மணி காரோட்டியே அந்தக் கதவைத் திறந்தார்.

வுகோவிச் இறந்தபோது அவர் மகனுக்கு வயது 11. அப்பாவின் பெயரேதான் பிள்ளைக்கும். அவனும் வளர்ந்து இதே திடலில் கார் ஓட்டினான். 1973-ல் இரண்டாவதாக வந்தான். பேரனும் ஓட்டினான். 1990-ல் கலிபோர்னியாவில் ஒரு பந்தயத்தின் பயிற்சியில் அவனும் போய்ச் சேர்ந்தான்.