இறவாரத்தில் ஒரு அணை

ஜனவரி 28, 2015, புதன்
ஃப்ரேமிங்ஹாம், மாசசூசெட்ஸ்

பனிப்புயலுக்காக விதித்த வாகனத் தடை நள்ளிரவோடு நீங்கிவிட்டது. ஆனால் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தால்தானே ஓட்டுவதற்கு? பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 24.6 அங்குலம், மேற்கே வூஸ்டரில் 34.5 அங்குலம் என்கிறது வானொலி. ஒரே புயலில் இவ்வளவு பனி வூஸ்டரின் பதிவேட்டிலேயே கிடையாதாம். இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கள் ஊர். தபால் பெட்டியின் தலை மட்டும் வெளியே தெரிகிறது.

வாசலை வாரித் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூரையில் பனி விழுந்தபடியே கிடக்கிறது. எங்கள் கூரையில் முகட்டை ஒட்டி ஏற்கெனவே கறுப்பாக ஷிங்கிள் (கூரை வேய்கிற தார் ஓடு) தெரிகிறது. நல்லதுதானே, பாரம் குறைகிறதே என்றேன். தலையை ஆட்டினார். வெளியே இந்தக் குளிரில் உன் கூரையில் பனி உருகுகிறது என்றால், நீ காசு கொடுத்து எரிக்கிற கேஸ் கூரை வழியே போகிறது என்று அர்த்தம் என்றார்.

பிப்ரவரி 4, புதன்

எங்கள் பகுதியின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேட்ரியாட்ஸின் வெற்றி ஊர்வலம் இன்று. நேற்றே நடந்திருக்க வேண்டும். திங்களன்று மறுபடி கொட்டிய பனியால் ஒரு நாள் தள்ளிப்போனது. தெரு முழுக்க வீடுகளின் இறவாரத்தில் பனி ஈட்டிகள் தொங்குகின்றன. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அழகுதான். ஆனால் அழகாகத் தொங்குகிற வீட்டில்தான் கோளாறு அதிகம் என்று இப்போது தெரிகிறது.

நடப்பது இதுதான். வீட்டுக்குள் இருக்கிற சூடான காற்று, கூரைக்கும் மேல்தட்டுக்கும் இடையிலுள்ள பரணுக்குள் (இங்கே அட்டிக் என்பார்கள்) ஒழுகுகிறது. கூரைப் பலகை அடியிலிருந்து சூடாகிறது. மேலே கிடக்கிற பனி அடிப்பக்கமாக உருகுகிறது. அந்தத் தண்ணீர் பனிக்கு அடியிலேயே சரிவில் இறங்கி இறவாரத்துக்கு வருகிறது. இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அதற்கு அடியில் வீடும் இல்லை, சூடும் இல்லை. அங்கே தண்ணீர் உறைகிறது. அடுத்தடுத்து வருகிற நீர் அதன்மேல் உறைய, ஒரு கட்டி வளர்ந்து அணையாகிறது. ஐஸ் டேம் என்பது அதனால்தான். அணைக்குப் பின்னால் குளம். ஷிங்கிள்கள் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. மேலிருந்து ஓடி வருகிற நீரைக் கீழே தள்ளிவிடும். கீழே தேங்கி மேலே ஏறுகிற நீரைத் தடுக்கத் தெரியாது.

எங்கள் வீடு 'கேப்' வகை. இந்தப் பகுதியில் 1950களில் வரிசை வரிசையாகக் கட்டியவை. மாடி அறைகள் கூரைச் சரிவுக்குள்ளேயே அமைந்திருக்கும். ஓரங்களில் இடுப்பளவுக் குட்டைச் சுவர், அதற்குப் பின்னால் முக்கோண இருட்டு. ஐஸ் டேம் கட்டுவதற்கென்றே வரைந்த வீடு என்று சொல்லலாம். சரிவுப் பகுதியின் கட்டைக்கு ஐந்தரை அங்குல ஆழம்தான். அதில் எவ்வளவு இன்சுலேஷனைத் திணிக்க முடியும்?

பிப்ரவரி 10, செவ்வாய்

ரயில்கள் இன்று முழுக்க ஓடவில்லை. நேற்று மாலை ஏழு மணிக்கே பாஸ்டன் பகுதிப் போக்குவரத்துக் கழகமான எம்பிடிஏ நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்தே வேலை.

மதியம் மாடியிலிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, கொஞ்சம் மேல வாங்க. சுவர் வியர்க்குது."

சுவர் மட்டுமல்ல. ஜன்னலுக்கு மேலே கூரைத்தட்டின் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு உப்பிக்கொண்டு தொங்கியது. அடியில் வாளியை வைத்து, ஸ்க்ரூடிரைவரால் நடுவில் ஒரு ஓட்டை போட்டேன். தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. பழைய மரத்தூளும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை. இப்படி ஓட்டை போட்டு வடித்துவிடுவதுதான் சரி. விட்டுவைத்தால் தண்ணீர் வழி தேடிப் பரவி, கனம் தாங்காமல் ஜிப்சம் பலகையே மொத்தமாக விழும்.

குட்டைச் சுவரின் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். குளியலறைக் காற்றாடியின் குழாய் வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே முடிந்திருந்தது. முன்னால் இருந்தவர்களின் கைவேலை. யாரோ குளித்த ஒவ்வொரு முறையும் நீராவி கூரைப் பலகையைச் சூடாக்கியிருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

காலையில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எண்ணை அழைத்து, காத்திருப்பு இசையைக் கேட்டபடி பாலிசியைப் பிரித்துப் படித்தேன். எச்ஓ-3 என்ற வகை. அமெரிக்காவில் பெரும்பாலான சொந்த வீடுகளுக்கு இதுதான். இதில் இரண்டு பங்கு இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக் கட்டடத்துக்கு, விலக்கு என்று எழுதியதைத் தவிர மற்ற எல்லாச் சேதத்துக்கும் காப்பு. வீட்டுக்குள் இருக்கிற பொருட்களுக்கோ, பெயர் சொல்லிப் பட்டியலிட்ட ஆபத்துகளுக்கு மட்டும். பட்டியலில் பனியின் 'பாரம்' இருக்கிறது. அணைக்குப் பின்னால் தேங்கி உள்ளே கசிந்த நீர் அந்தக் கணக்கில் வராது.

ஆகவே கூரைத்தட்டு, சுவர், ஒட்டிப் பதித்த தரைவிரிப்பு எல்லாம் கட்டடம், கிடைக்க வாய்ப்புண்டு. ஜன்னலடியில் நனைந்து ஊறிய புத்தக அலமாரி பொருள், கிடைக்காது. பொருட்களுக்கும் விரிந்த காப்பு வேண்டுமென்றால் எச்ஓ-5 என்ற வகையோ, தனி இணைப்போ வாங்கியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

இன்னொரு புயல் வருகிறது. அதற்குள் கூரை விளிம்பைக் காலி செய்தாக வேண்டும். ரூஃப் ரேக் என்ற நீண்ட கைப்பிடி வாரியால், தரையில் நின்றபடியே விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடிப் பனியை இழுத்துவிட்டேன். உருகுவதற்குப் பனி இல்லையென்றால் அணைக்குத் தண்ணீர் வராது. ஏணி போட்டு ஏறுகிறவர்களும், கோடாலியால் பனிக்கட்டியைக் கொத்துகிறவர்களும் இந்தத் தெருவிலேயே உண்டு. குளிரில் ஷிங்கிள் பொடிந்து போகும். கொத்துகிறவர் அடுத்த மழைக்கு வாசல் திறந்து வைக்கிறார்.

ஏற்கெனவே கட்டிய அணைக்குப் பெரியவர் சொன்ன வைத்தியம்: பழைய நைலான் காலுறையில் கால்சியம் குளோரைடை நிரப்பி, அணைக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாகப் போடுவது. அது உருக்கிய பள்ளத்தின் வழியே தேங்கிய நீர் வடியும். சாதாரண கல்லுப்பு வேண்டாம் என்றார். கடுங்குளிரில் அது வேலை செய்யாது. ஆணியையும் செடியையும் கெடுக்கும். நீராவி பாய்ச்சிக் கட்டியை வெட்டி எடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், மணிக்குப் பல நூறு டாலர் கேட்கிறார்கள், கொடுக்கிறோம் என்றாலும் வர மறுக்கிறார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனத்தின் அட்ஜஸ்டர் வந்தார். இந்த மாதம் பார்க்கிற எல்லா வீட்டிலும் இதே படம்தான் என்று களைத்துச் சொன்னார். ஈரமானியைச் சுவரில் வைத்துக் குறித்துக்கொண்டார். நான் எடுத்த புகைப்படங்களையும், வாடகைக்கு எடுத்த ஈரநீக்கியின் ரசீதையும் வாங்கிக்கொண்டார். சேதம் மேலும் பரவாமல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. அதற்கான நியாயமான செலவு திரும்பக் கிடைக்கும்.

பனிக்கட்டியை அகற்றும் கூலி? பெரும்பாலும் இல்லை, அது பராமரிப்பு. பரணின் இன்சுலேஷன் குறையைச் சரிசெய்வது? நிச்சயம் இல்லை. பூஞ்சணத்துக்கு ஓர் உச்சவரம்பு. அடித்தளத்தில் நிலத்தோடு வருகிற உருகுநீருக்கு வெள்ளக் காப்பீடு தனி. முதல் 1,000 டாலர் எங்கள் கையிலிருந்து, அதுதான் டிடக்டிபிள். மீதியிலும் தேய்மானம் கழித்து முதலில் ஒரு காசோலை, வேலை முடித்து ரசீது காட்டினால் கழித்தது திரும்பும். காசோலையில் வீட்டுக்கடன் கொடுத்த வங்கியின் பெயரும் சேர்ந்தே வரும்.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னார். கிளெய்ம் செய்தால் அது காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும் பொதுப் பதிவேட்டில் ஏழு வருடம் நிற்கும். சேதம் டிடக்டிபிளை ஒட்டியே இருந்தால் கேட்காமல் விடுவதே லாபம் என்பது என் கணக்கு.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு குளிர்காலத்தின் பனிப்பொழிவுச் சாதனை முறிந்துவிட்டதாம். 1995-96 குளிர்காலத்தின் 107.6 அங்குலத்தை பாஸ்டன் தாண்டிவிட்டது. பிப்ரவரியில் மட்டும் 64.8 அங்குலம். யாருக்கு வேண்டும் இந்தச் சாதனை!

அக்டோபர் 17, சனி

இந்த வாரம் பரண் வேலை முடிந்தது. மாஸ் சேவ் என்ற, இந்த மாநிலத்தின் எரிசக்திச் சிக்கனத் திட்டத்தில் இலவசமாக வந்து பார்த்தார்கள். வாசல் கதவில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியே இழுத்தபோது, குட்டைச் சுவர் இடுக்குகளில் குளிர்காற்று சீறியது கையிலேயே தெரிந்தது. முதலில் ஓட்டைகளை அடைத்தார்கள்: விளக்குக் குழிகள், குழாய் துளைகள், பரண் மூடி, குட்டைச் சுவரின் கீழே கட்டை இடைவெளிகள். குளியலறைக் குழாய் இப்போது வெளியே போகிறது. பிறகுதான் செல்லுலோஸ் என்ற காகிதத் தூள் இன்சுலேஷன்; மேலே தட்டையான பகுதியில் பதினான்கு அங்குலம், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவில் ஏறக்குறைய ஆர்-49. இறவாரத்துக் காற்றுத் துளைகள் அடைபடாமல் தடுப்பு வைத்து, முகட்டு வழியே காற்று போக வழி விட்டார்கள். இன்சுலேஷன் செலவில் 75 சதவீதம் வரை திட்டமே ஏற்கிறது. அந்தப் பணம் நம் மின்கட்டணத்தில் மாதாமாதம் பிடிப்பதுதான், ஆகவே கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம்.

இறவாரத்தில் சுற்றுகிற வெப்பக் கம்பியை விற்க இருவர் வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கூரை வழியே போகிற சூட்டுக்கு ஒரு பில், அது கட்டிய அணையை உருக்க இன்னொரு பில்லா?

இந்தப் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையலறையின் கிரானைட் மேடையைத் தட்டிப் பார்க்கும் முன் பரண் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிசியில் பொருட்களுக்கான பக்கத்தைப் பனி விழுவதற்கு முன்பே படித்து, புரியாததை ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.