சுப்ரமணியபுரமும் ஒரு காரிய வீடும்

படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன்!

'சுப்ரமணியபுரம்' வந்தது 2008 ஜூலையில். அப்போது நான் கைக்குழந்தை. ஆனாலும் எங்க செட்டில் இந்தப் படத்தைப் பார்க்காதவன் கிடையாது. எழுதி, இயக்கி, தயாரித்து, பரமனாக நடித்தும் இருப்பார் சசிகுமார். அவருக்கு அது முதல் படம். இந்தியில் 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' (2012) எடுத்த அனுராக் காஷ்யப், பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் டைட்டிலிலேயே மரியாதை செய்தார்.

கதை 1980 மதுரை. ஒரே ஏரியாவில் ஒன்றாகச் சுற்றும் ஐந்து பேர். வேலை இல்லை, சண்டை உண்டு. போலீஸ் பிடித்தால் வெளியே எடுத்துவிட சோமு வீடு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் துளசி மேல் அழகருக்குக் காதல். கட்சிப் பதவி கைநழுவியதும் சோமுவின் தம்பி கனகு இவர்களைக் கொலைக்கு ஏவிவிடுகிறான். காரியம் முடிந்ததும் கைகழுவிவிடுகிறான். அப்புறம் பழி. துளசியை வைத்தே அழகரை வரவழைத்துக் கொல்கிறார்கள். பரமன் கனகுவின் தலையை எடுக்கிறான். கடைசியில் பரமனைக் காட்டிக்கொடுப்பது யார்? கூடவே சுற்றிய காசி!

எல்லாரும் துரோகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அழகர் செத்த பிறகு பரமனுக்குச் செய்ய ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. அது கத்தி. துக்கத்தோடு உட்கார அவனுக்கு ஒரு திண்ணைகூட இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்... பள்ளிக்கூடத்திலிருந்து எங்களோடு இருந்த ஒருத்தன், போன வருஷம் திண்டிவனம் போகும் வழியில் பைக்கில் அடிபட்டு இறந்துவிட்டான். இடித்த வண்டி நிற்கவில்லை. அடுத்த நாளே எங்களில் இரண்டு பேர் கிளம்பினார்கள். "எந்த வண்டின்னு விசாரிப்போம், டிரைவரைத் தூக்குவோம்." யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

அப்போது அவன் அப்பா வந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ஏம்பா, காரியத்துக்கு ஆள் இல்லப்பா. நீங்கதான் கூட இருந்து பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

வல்லத்தில் பதினாறாம் நாள் காரியம் என்றால் வேலை கொஞ்சமா? பத்திரிகை கொடுக்கணும், பந்தல் சொல்லணும், வாடகைப் பாத்திரம் எடுக்கணும், பந்தி பரிமாறணும். டிரைவரைத் தூக்கக் கிளம்பினவன்தான் அன்றைக்கு சாம்பார் வாளி தூக்கினான். இலை எடுக்கும்போது திடீரென்று உடைந்து அழுதான். பக்கத்திலிருந்த பெரியவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். வண்டியைப் பற்றி போலீசில் புகார் இருக்கிறது, அது அது பாட்டுக்கு நடக்கிறது.

கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அழுவதற்கு எங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. நம் பெரியவர்கள் பதினாறு நாள் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது நண்பர்களே.

படத்தில் காசி 28 வருஷம் கழித்து 2008இல் மதுரை ஜெயிலிலிருந்து வெளியே வருகிறான். வாசலிலேயே கத்திக்குத்து. ஆஸ்பத்திரியில் மிச்சக் கணக்கை முடிப்பதும் பழைய நண்பன்தான். அத்தனை வருஷம் பகை மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. அழகருக்கும் பரமனுக்கும் யாராவது ஒரு திவசம் கொடுத்திருப்பார்களா?