அம்மாயிக்கு அரைப்பேர் போட்ட போன்

போன வருஷம் கிளினிக்ல அம்மாயிக்குச் சீனி கூடியிருக்குன்னு சொன்னாங்க. "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடங்க" என்றார் டொக்டர். வெளிய வந்ததும் அம்மாயி என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "காலம் பூரா மலையேறி எறங்குனவள இப்ப நடக்கச் சொல்றாங்களே, பாப்பா?"

கேள்வி நியாயம்தான். ஆனா வேலையிலிருந்து நின்ற பிறகு அவங்களோட உலகம் லயத்து வாசல், அடுப்படி, பீலி என்று சுருங்கிப்போச்சு. நான் பேராதனையில படிக்கிறேன், எப்பவாவதுதான் கொத்மலைக்கு வருவேன். கூட நடக்க ஆளில்லை. அதனால என் பழைய போன்ல அடி எண்ணுற ஆப் ஒன்றைப் போட்டு, இலக்கை 10,000 என்று வச்சுக் கொடுத்தேன். சேலைக்கு ஏது பொக்கெட்? இடுப்புல சொருகுற வெத்திலைப் பைக்குள்ளயே போனும் போச்சு.

முதல் வாரம் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ரெண்டாவது வாரம் தங்கச்சி கோல் எடுத்தா. அம்மாயி மழையில, முழங்கால் வலியோட, இருட்டுற நேரத்துல லயத்துக்கு முன்னால போய்ப் போய் வாராங்களாம். ஏன்னு கேட்டதுக்கு, "இன்னும் ரெண்டாயிரம் பத்தல. அரைப்பேர் போட்டுருவாங்க" என்றாங்களாம்.

தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். வாழ்க்கை முழுக்கத் தராசுக்கு முன்னால நின்றவங்க கையில நான் இன்னொரு தராசைக் கொடுத்திருக்கேன். ஆப் சொன்னது ஊக்கம், அம்மாயிக்குக் கேட்டது கணக்கு.

அப்புறம்தான் அந்த 10,000 எங்கேயிருந்து வந்தது என்று தேடினேன். 1965ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் 'மன்போ-கே'. அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம். ஆராய்ச்சிக்கு முன்னாலேயே விளம்பரம் வந்துவிட்டது! 2019ல ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வு வெளியானது. நாளைக்கு 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்களுக்கு இறப்பு வீதம் தெளிவாகக் குறைவு. 7,500க்கு மேல பெரிய வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனமோ 65 வயதைத் தாண்டியவங்க விழாமல் இருக்க, வாரத்துக்கு மூணு நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் செய்யணும் என்கிறது. எங்கள் லயத்துப் படிக்கட்டுக்கு அதுதான் முக்கியம். நான் போட்ட ஆப் அதை எண்ணவே இல்லை.

இதை யோசிக்கும்போது எங்க ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. 1989ல தொடங்கின கொத்மலை சமூக வானொலி, 90களின் கடைசியில யுனெஸ்கோ உதவியோட இணையத்தையும் சேர்த்துக்கிட்டது. நேயர்கள் கேள்வி அனுப்புவாங்க. அறிவிப்பாளர் இணையத்துல தேடி, மக்களோட பேச்சுல சொல்வார். கணினியைத் தொடாதவங்களுக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது, நடுவுல ஒரு மனுஷக் குரல் இருந்ததால.

நானும் இலக்கை எடுத்துட்டேன். இப்ப அம்மாயி காலையில மேல் லயத்துச் சிநேகிதி வீட்டுக்கு நடக்கிறாங்க. ரெண்டு பேரும் கதிரையைப் பிடிச்சுக்கிட்டு எழும்பி உட்கார்ற பயிற்சியும் செய்றாங்க. எண்ணிக்கையைத் தங்கச்சி பார்த்து எனக்கு அனுப்புவா. ராத்திரி நான் வொய்ஸ் மெசேஜ் போடுவேன். நடந்ததைப் பற்றி அல்ல, மேல் லயத்துல என்ன கதை என்றுதான் கேட்பேன். பதில் நாலு நிமிஷத்துக்குக் குறையாது.

சீனி கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆப்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இப்படி ஒன்றைப் போட்டுக் கொடுக்கப்போறீங்கன்னா, முதல்ல இலக்கை அழிச்சிருங்க. அப்புறம் மறக்காம கோல் எடுங்க.